நடுங்கியவர்கள் கணக்கும் எழுதினார்கள்

சந்திர கிரகணம் வரும்போதெல்லாம் தொலைக்காட்சியிலும் பள்ளி மேடையிலும் ஒரே கதைதான். பழங்கால மனிதனுக்கு ஒன்றும் தெரியாது. நிலவு கறுத்தால் நடுங்கினான். பாம்பு விழுங்குகிறது என்று நம்பினான். பிறகு அறிவியல் வந்து கண்ணைத் திறந்தது. மூடநம்பிக்கையை எதிர்ப்பவர்களே இதை அதிகம் சொல்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்பதையெல்லாம் எதிர்ப்பதில் நானும் அவர்கள் பக்கம். அதற்காக வரலாற்றைத் திரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கி.மு. 523 ஜூலை 16. பாபிலோனில் பாரசீக மன்னன் காம்பைசஸ் ஆட்சியின் ஏழாம் ஆண்டு. அன்றிரவு பகுதி சந்திர கிரகணம். ஆப்பெழுத்துக் களிமண் பலகை ஒன்றில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது: இரவு தொடங்கி 3 மணி 20 நிமிட அளவு கழிந்தபோது கிரகணம், நிலவின் வடபாதி மறைந்தது. பாம்பும் இல்லை, பதற்றமும் இல்லை. மாதம், நாள், நேரம், மறைந்த பக்கம், மறைந்த அளவு. அவ்வளவுதான்.

பயம் இருக்கவில்லையா? நிறையவே இருந்தது. மெசபொத்தேமியாவில் நிலவின் வட்டத்தை நான்காகப் பிரித்து அக்காத், ஏலாம், அமுர்ரு, சுபர்த்து என்று நாட்டுக்கு ஒரு பகுதியாக ஒதுக்கியிருந்தார்கள். எந்தப் பகுதியில் நிழல் விழுந்ததோ அந்த நாட்டு அரசனுக்கு ஆபத்து. ஆபத்து தனக்குத்தான் என்று தெரிந்தால், அசீரிய மன்னன் எசர்ஹத்தோன் வேறொருவனை அரியணையில் உட்கார வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். கெடு முடிந்ததும் அந்தப் பதிலாளைக் கொன்றுவிடுவார்கள். கொடூரமான வழக்கம், அதற்கு நியாயமே கிடையாது. ஆனால் நிழல் எந்தப் பக்கம் தொட்டது, எவ்வளவு தூரம் ஏறியது என்று கண்கொட்டாமல் பார்த்தே தீர வேண்டிய கட்டாயமும் அந்தப் பயத்திலிருந்துதான் வந்தது.

ஏறத்தாழ 670 ஆண்டுகள் கழித்து, அலெக்சாந்திரியாவில் வானியலாளர் தாலமி தன் ‘அல்மாகெஸ்ட்’ நூலில் இதே 523 கிரகணத்தைக் கையில் எடுக்கிறார். கூடவே கி.மு. 621 ஏப்ரல் 22-இல் பாபிலோனில் பதிவான இன்னொன்றையும் வைக்கிறார். அதில் மறைந்தது கால் விட்டம். 523-இல் அரை விட்டம். அந்த இரண்டு இரவுகளிலும் சூரியனின் பாதையிலிருந்து நிலவு எவ்வளவு விலகியிருந்தது என்று கணக்கிடுகிறார்: 621-இல் 48 கலை 30 விகலை, 523-இல் 40 கலை 40 விகலை (60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை). வித்தியாசம் 7 கலை 50 விகலை. இரண்டு மறைவுகளுக்கும் இடையிலான கால் விட்டம் இவ்வளவு என்றால் நான்கால் பெருக்க வேண்டியதுதான். நிலவின் விட்டம் 31 கலை 20 விகலை. இன்று நாம் சொல்லும் சராசரி 31 கலைக்குச் சற்றே கூடுதல். நிலவு மிகத் தொலைவில் இருக்கும்போதான அளவாக அவர் இதைக் கொண்டது பிழை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: பாதி மறைந்திருக்கும்போது நிலவின் மையம் நிழலின் விளிம்பில் இருக்கும் அல்லவா? ஆகவே பூமியின் நிழலுக்கு ஆரம் 40 கலை 40 விகலை. நிலவின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு.

முழு கிரகணம் இந்த வேலைக்கு உதவாது. நிலவு முழுக்க நிழலுக்குள் போய்விட்டால் எவ்வளவு ஆழம் போனது என்று கண்ணால் அளக்க முடியாது. அரைகுறையாக மறைந்த நிலவையும் அலட்சியப்படுத்தாமல் ‘கால்’, ‘அரை’ என்று எழுதி வைத்தார்களே, அவர்களையா ஒன்றும் தெரியாதவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

கிரகணப் பாடத்தில் ராகு, கேது கதையைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே இன்றைய அறிவியலுக்குத் தாவுவதை நிறுத்த வேண்டும். நடுவில் அந்தக் களிமண் பலகையின் குறிப்பையும் தாலமியின் கழித்தல் கணக்கையும் சேர்க்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் அது.