சொந்த இயங்கலைக் கடை: பேராக் இந்திய வணிகருக்கு எப்போது தேவை?

ஈப்போ – தீபாவளி நெருங்கும் வாரங்களில் புந்தோங்கில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. கம்போங் கச்சாங் பூத்தே என்றே பெயர் பெற்ற பகுதி அது. தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை என்று தலைமுறை தலைமுறையாகச் செய்து விற்று வருகின்றன. ஒரு காலத்தில் சைக்கிளில் கொண்டுபோய்க் காகிதக் கூம்பில் மடித்துக் கொடுத்த பண்டம், இன்று பெட்டியில் கட்டப்பட்டுக் கூரியரில் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் போகிறது.

புந்தோங் மட்டுமல்ல. சுங்கை சிப்புட், சித்தியவான், தெலுக் இந்தான், பாகான் டத்தோ என்று தோட்டங்கள் இருந்த ஊர்களிலும் வீட்டிலிருந்தபடியே மசாலைத் தூள், ஊறுகாய், ரவிக்கை தையல், பூமாலை என்று வியாபாரம் செய்யும் குடும்பங்கள் உண்டு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, புலனமும் முகநூலும்தான் பலருக்குக் கடைவாசலாயின.

வியாபாரம் கொஞ்சம் சூடு பிடித்ததும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: "சொந்தமாக ஓர் இயங்கலைக் கடை கட்ட வேண்டுமா?" கட்டித் தருகிறோம் என்று விலைப்பட்டியலோடு வருபவர்களுக்கும் குறைவில்லை. கேட்கும் தொகையோ, சில குடும்பங்களின் பல மாதச் சேமிப்பு. அதற்காகக் கடன் வாங்குவோரும் இருக்கலாம். ஆகவே, முடிவெடுக்கும் முன் கணக்குப் பார்ப்பது அவசியம்.

மூன்று வழிகள்

இயங்கலையில் விற்க இன்று மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, விற்பனைத் தளங்கள். லஸாடா 2012-லும் ஷாப்பி 2015-லும் மலேசியாவில் தொடங்கின. டிக்டாக் ஷாப் 2022-இல் வந்தது. இவை பெரிய பேரங்காடி போன்றவை. கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. கடை திறக்கச் செலவில்லை. ஆனால், விற்கும் ஒவ்வொரு பொருளிலும் தளத்துக்கு ஒரு பங்கு போகும்.

இரண்டாவது, வாடகைக்குக் கிடைக்கும் ஆயத்தக் கடை. மலேசியாவின் ஈஸிஸ்டோர், கனடாவின் ஷாப்பிஃபை போன்றவை மாதக் கட்டணத்துக்குச் சொந்தப் பெயரில் ஒரு கடையைத் தருகின்றன. பணம் பெறும் வசதி, சரக்கு இருப்புக் கணக்கு, கூரியர் இணைப்பு எல்லாம் அதிலேயே இருக்கும்.

மூன்றாவதுதான், நிரலாளரை வைத்து ஒரு வணிகத்துக்கென்றே தனியாகக் கட்டும் கடை. பலர் இரண்டாவது வழி இருப்பதையே அறியாமல், முதலாவதிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவுகிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அந்தத் தாவலில்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஓர் எடுத்துக்காட்டு. முறுக்கு விற்கும் ஒரு குடும்பம் தளம் ஒன்றில் மாதம் 2,000 வெள்ளிக்கு விற்கிறது. தளம் எல்லாக் கட்டணமும் சேர்த்து 15 விழுக்காடு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300, ஆண்டுக்கு 3,600 வெள்ளி போகிறது. பார்க்க வலிக்கத்தான் செய்யும்.

இதைத் தவிர்க்கத் தனிக் கடை கட்ட 18,000 வெள்ளி கேட்கிறார்கள். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 3,000 ஆகும் என்று கொள்வோம். எல்லா வாடிக்கையாளரும் புதிய கடைக்கு வந்துவிட்டாலும் ஆண்டுக்கு மிஞ்சுவது 600 வெள்ளிதான். போட்ட முதல் திரும்ப 30 ஆண்டுகள் ஆகும். ஒரு ரப்பர் கன்றை நட்டு, பால் வெட்டி, மரம் கிழமாகி மறுநடவுக்குச் சாய்க்கும் காலமும் ஏறக்குறைய அதுதான்.

அதே குடும்பம் மாதம் 20,000 வெள்ளிக்கு விற்றால் கதை வேறு. தளத்துக்கு ஆண்டுக்கு 36,000 வெள்ளி போகும். வாடிக்கையாளரில் பாதிப் பேர் மட்டும் சொந்தக் கடைக்கு வந்தாலே 18,000 மிச்சம். பராமரிப்பு போக 15,000 நிற்கும். ஒன்றே கால் ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். விளம்பரச் செலவும் வங்கிப் பரிவர்த்தனைக் கட்டணமும் இதைச் சற்றுத் தள்ளிப்போடும். ஆனாலும் கணக்கு நிற்கிறது.

ஆக, தளம் பிடிக்கும் விழுக்காட்டைக் கண்டு கோபப்படுவது மட்டும் சொந்தக் கடைக்குக் காரணமாகாது. எவ்வளவு விற்கிறது, அதில் எத்தனை பேர் பெயர் சொல்லித் தேடி வருகிறார்கள் என்பதே காரணமாக வேண்டும்.

வாடகை மண்ணின் ஆபத்து

அதற்காக, என்றென்றும் தளத்திலேயே இருந்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்திருப்பார்கள். வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்திருப்பார்கள். தோட்டம் கைமாறியபோது வீடு தங்களுடையது இல்லை என்பது தெரிந்தது.

விற்பனைத் தளமும் அப்படித்தான். கட்டணத்தை உயர்த்துவதும், தேடலில் கடையை முன்னே காட்டுவதும் பின்னே தள்ளுவதும் தளத்தின் கையில். ஜப்பானின் ராக்குட்டேன் மலேசியாவில் நடத்திய சந்தை 2016-இல் மூடப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த விற்பனையாளர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. 11ஸ்ட்ரீட் பிரெஸ்டோமால் என்று பெயர் மாறியது.

மறுபக்கமும் உண்டு. உலகப் புகழ் பெற்ற நைக்கி நிறுவனம் 2019-இல் அமேசானில் நேரடியாக விற்பதை நிறுத்தி, சொந்தக் கடைகளை நம்பியது. 2025-இல் மீண்டும் அமேசானுக்குத் திரும்புவதாக அறிவித்தது. நைக்கிக்கே கூட்டம் இருக்கும் இடம் தேவைப்படுகிறது என்றால், சுங்கை சிப்புட்டில் ஊறுகாய் போடுபவர் ஒரே நாளில் தளத்தை விட்டு வெளியேறுவது புத்திசாலித்தனமாகாது. தளம் புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவரட்டும்; வந்தவரைத் தக்கவைக்கும் இடம் சொந்தமாக இருக்கட்டும்.

எப்போது தனியாகக் கட்டலாம்?

ஆயத்தக் கடையில் அடங்காத விற்பனை முறை இருந்தால்தான் தனியாகக் கட்டுவதற்குப் பொருள் உண்டு. ஈப்போ லிட்டில் இந்தியாவை ஒரு சுற்று சுற்றினால் இது புரியும்.

நகைக்கடையில் தங்கத்தின் அன்றாட விலை, எடை, செய்கூலி மூன்றும் சேர்ந்துதான் விலையாகிறது. மொத்த வியாபாரியோ ஒரே அரிசி மூட்டையைப் பத்துச் சில்லறைக் கடைகளுக்குப் பத்து விலையில், கடனுக்கும் கொடுப்பார். தையல் கடைக்கு ஒவ்வொருவரின் அளவும், கொடுக்க வேண்டிய நாளும் வேண்டும். இப்படிப்பட்ட வணிகங்களுக்கே முதலில் ஆயத்தக் கடையின் துணைச் செயலிகளைச் சோதித்துப் பார்க்கலாம். அவையும் உதவாமல், ஆள் வைத்துக் கையால் கணக்கெழுதும் நேரம் செலவாகிக்கொண்டே இருந்தால், அப்போது தனிக் கடைக்கு வேளை வந்துவிட்டது.

ஒரே விலை, ஒரே பொட்டலம், ஒரே கூரியர் என்று விற்கும் முறுக்குக்கு அது தேவையில்லை. அதற்கு ஆயத்தக் கடையே போதும். மாதம் பத்து இருபது ஆர்டர்தான் என்றால், புலனமும் டுயிட்நவ் கியூஆர் குறியீடும்கூடப் போதும்.

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாதது. மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் எல்லார் வீட்டுக்கும் தெரிந்ததே. அதைப் போல ஒரு பதிவேடு: யார் வாங்கினார், எந்த ஊர், என்ன பண்டம், மறுபடி வந்தாரா? ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரை எழுதி வந்தால், சொந்தக் கடை வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தப் புத்தகமே பதில் சொல்லும்.

கையெழுத்திடும் முன்

தனியாகக் கட்டுவது என்று முடிவானால், அகப்பக்கத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கட்டித் தருபவரின் பெயரில் பதிவானால், மனத்தாங்கல் வரும் நாளில் கடைப் பெயரே கைவிட்டுப் போகும். மைநிக் நிர்வகிக்கும் .காம்.மை முகவரிக்கு வணிகப் பதிவு வேண்டும். எஸ்எஸ்எம்-இல் பதிவு செய்யாதவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நிரல், கடவுச்சொற்கள், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும் என்பதையும், பழுது பார்க்க ஆண்டுக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.

சட்டக் கடமையும் உண்டு. நடப்பிலுள்ள மின்னியல் வணிக விதிமுறைகளின்படி, இயங்கலையில் விற்பவர் வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு முகவரி, முழு விலை, பணம் செலுத்தும் முறை போன்றவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும். வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. தரவு கசிந்தால் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது. சொந்தக் கடை என்றால் இந்தப் பொறுப்பும் சொந்தமே.

நிதியைப் பொறுத்தவரை, தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடன் திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கானது. ஆனால் கடன், கடன்தான். மாவு பிசையும் இயந்திரம் வாங்கினால் மறுநாளே உற்பத்தி கூடும். யாரும் வராத அகப்பக்கம் மாதத் தவணையைக் கட்டாது. சிறு வணிகங்கள் மின்னியலுக்கு மாறச் செலவில் பாதியை ஏற்கும் அரசாங்க மானியங்களும் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. கடனுக்குப் போகுமுன் அந்த வாய்ப்பைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சைக்கிளில் தொடங்கிய புந்தோங் வியாபாரம் நிலைத்தது பண்டத்தின் ருசியால், வாங்கியவர் மறுபடி தேடி வந்ததால். அப்படித் தேடி வருபவர்களின் எண்ணிக்கை கையில் இருக்கும் வணிகர் தைரியமாகக் கட்டலாம். அது இல்லாதவர் இந்தத் தீபாவளிக்கு ஒரு புத்தகம் வாங்கினால் போதும்.