கடலின் குற்றமன்று

அயர்லாந்து நாட்டு ஏழை மக்களுக்கு உருளைக்கிழங்கே உயிர் காக்கும் உணவாய் இருந்தது. 1845ஆம் ஆண்டில் அப்பயிரை நோய் தாக்கவே, கொடும்பஞ்சம் மூண்டது. பிழைக்க வழியின்றி இலட்சக்கணக்கானோர் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கத் துணிந்தனர். 1847இல் கனடா நோக்கிச் சென்றோருட் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களைச் சுமந்த கலங்கள் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ எனப் பெயர் பெற்றன.

இதற்குக் கடலைப் பழித்தல் தகுமோ? கனடாவிலிருந்து மரம் ஏற்றி வந்த கப்பல்கள் வெறுமையாய்த் திரும்பாதிருத்தற்பொருட்டு, மரம் கிடந்த கீழ்த்தளத்திலே பலகை அடித்து மக்களை அடைத்தனர். ஆறு வாரமும் அதற்கு மேலும் ஒளியும் காற்றுமின்றி நெருங்கிக் கிடந்தோரிடையே, பேன் வழிப் பரவும் டைபஸ் காய்ச்சல் புகுந்ததில் வியப்பென்னை? செயின்ட் லாரன்ஸ் ஆற்றிடைக் கிராஸ் தீவில் மட்டும் அவ்வாண்டு 5,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டனர்.

அதே கடலில், அதே பஞ்சகாலத்தில், ‘ஜீனி ஜான்ஸ்டன்’ என்னும் கப்பலும் சென்றது. அதுவும் மரக்கலமே, சரக்கேற்றுங் கலமே. ஆயினும் அது மருத்துவர் ஒருவரை உடன்கொண்டு சென்றது. 1848 முதல் 1855 வரை பதினாறு முறை மக்களை ஏற்றிச் சென்றும், பயணியருள் ஒருவரேனும் அதில் இறந்திலர். ஏனைய கப்பல்களிற் கொன்றது அலையன்று. பொருளாசையே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பயணிகளைக் காக்கும் சட்டம் 1803ஆம் ஆண்டிலேயே பிறந்ததுதான். எனினும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. நிலக்கிழார் குடியிற் பிறந்த ஸ்டீவன் டி வியர் என்பார், 1847இல் தாமே விரும்பி ஏழைகளோடு கீழ்த்தளத்திற் பயணம் செய்தார். அடுப்புப் போதாமையால் வேகாத உணவையும், கழுவ நீரின்மையால் நேர்ந்த அழுக்கையும் நேரிற் கண்டு, கடிதம் வரைந்தார். கரையில் நின்று கப்பலைப் பார்வையிட்ட அலுவலர்க்கு இவை எங்ஙனம் தோன்றும்? அக்கடிதம் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையிற் படிக்கப்பட்டது, சட்டமும் திருத்தப்பெற்றது.