யந்திர உலகம்: கால் மைல் ஓட்டமும் ஷொக் அப்சோர்பரும்

சித்திரை பிறந்ததும் மலைநாட்டில் இரண்டு ஓசைகள் எழும். ஒன்று திருவிழாக்களின் தப்பொலி. மற்றொன்று நுவரெலியாவை நோக்கிச் செல்லும் பந்தயக் கார்களின் உறுமல். 1930களிலேயே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயமும், நானுஓயாவை அடுத்த ரதல்ல மலையேற்றப் பந்தயமும் நம் இளைஞரின் மோட்டார் ஆர்வத்தை வளர்த்து வந்திருக்கின்றன. ஹட்டனிலும் டிக்கோயாவிலும் கராஜ்களில் தொழில் பழகும் பிள்ளைகளுக்கு டிராக் பந்தயத்தின்மீதும் நாட்டம் உண்டு. "அதற்கு இறுக்கித் தளர்த்தக்கூடிய ஷொக் வாங்கவேண்டுமாமே, எதை வாங்குவது?" என்ற வினாவை இவ்வாரம் ஆராய்வோம்.

டிராக் பந்தயத்தில் வளைவு இல்லை, மேடு இல்லை. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைலை, அதாவது ஏறக்குறைய 402 மீற்றரை, முதலில் கடப்பவரே வென்றவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் விமான ஓடுதளங்களில் இது வளர்ந்தது. 1951ல் அங்கு இதற்கென ஒரு தேசியச் சங்கமும் அமைந்தது. சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்திலும், நம் நாட்டுக் கட்டுக்குருந்தையிலும் மோட்டார் பந்தயங்களுக்கு இடங்கொடுத்தவை விமான ஓடுதளங்களே என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, ஷொக் அப்சோர்பரின் தொழில் யாது? வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதுவென்று பலர் எண்ணுகின்றனர். பாரத்தைத் தாங்குவது வில். அந்த வில் ஓயாமல் துள்ளாதபடி அடக்குவதே ஷொக். எண்ணெய் நிறைந்த குழலுக்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் செல்கிறது. பிஸ்டனிலுள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாய்வதால், துள்ளலின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது. துளையின் வழியைச் சுருக்கினால் ஷொக் இறுகும், அகலப்படுத்தினால் தளரும். வெளியிலுள்ள திருகினால் இதனைச் செய்ய முடிந்தால், அதுவே மாற்றியமைக்கக்கூடிய ஷொக்.

கால் மைல் ஓட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கலாம். கார் பாய்ந்து புறப்படும்போது முன்பகுதி எழுகிறது. பின்சில்லுகளின்மீது பாரம் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பதை எளிதில் கணக்கிடலாம். 1,000 கிலோகிராம் காரின் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 0.5 மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், முன்பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.5 மீற்றர் எனவும் கொள்வோம். கார் புவியீர்ப்பு ஆர்முடுகலின் பாதி அளவில் புறப்பட்டால், 1,000 கிலோவின் பாதியை 0.5ஆல் பெருக்கி 2.5ஆல் வகுக்கவேண்டும். விடை 100 கிலோகிராம். அவ்வளவு பாரம் முன்னிருந்து பின்னே செல்கிறது. எந்த விலையுயர்ந்த ஷொக்கும் இந்தத் தொகையைப் பெருக்கிக் கொடுப்பதில்லை. வண்டியின் உடல் எவ்வளவு விரைவில் எழுகிறது, டயர் நிலத்தில் மெதுவாக அழுந்துகிறதா, அடிபட்டதுபோல் அழுந்துகிறதா என்பவற்றையே ஷொக் ஆள்கிறது. டயர் பற்றுவதும் வழுக்குவதும் அந்தக் கணப்பொழுதில் முடிவாகிவிடும்.

ஆகவே வாங்குமுன் முதற்கேள்வி, எஞ்சின் எந்தச் சில்லுகளை இழுக்கிறது என்பதே. பின்சில்லு இழுக்கும் காரில், முன்பகுதி தடையின்றி எழும்பொருட்டு முன் ஷொக்கின் விரிவைத் தளர்த்துவது வழக்கம். அளவுமீறித் தளர்த்தினால் ஷொக் முழுவதும் நீண்டு முட்டி, முன்பகுதி மீண்டும் தொப்பென விழும். முன்சில்லு இழுக்கும் காரிலோ நிலைமை தலைகீழ். அங்கே முன்பகுதி எழுவதே பகை. எனவே முன் ஷொக்கின் விரிவையும் பின் ஷொக்கின் அமுக்கத்தையும் இறுக்குவர். நம் நாட்டில் ஓடும் சிறிய ஜப்பானியக் கார்களிற் பல முன்சில்லு இழுப்பவை. அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே திருகுபவர் ஏமாறும் இடம் இதுவே.

இரண்டாவது, திருகு ஒன்றா இரண்டா? ஒரே திருகுள்ளவற்றிற் சில விரிவை மட்டும் மாற்றும். சில இரண்டையும் சேர்த்தே மாற்றும். இரு திருகுள்ளது விரிவையும் அமுக்கத்தையும் தனித்தனியே மாற்றும், விலையும் கூடும். பழகுநருக்கு ஒரு திருகே போதும். மூன்றாவது நீளம். கார் தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது ஷொக் மேலும் நீளவும் குறுகவும் இடம் இருக்கவேண்டும். நான்காவது, வில்லின் வலிமைக்கு ஏற்ற ஷொக்கா என்பது. ஐந்தாவது, கழற்றிப் பழுதுபார்க்கக் கூடியதா என்பது. பழைய ஷொக் வாங்குவோர் தண்டில் எண்ணெய்க் கசிவும் கீறலும் உண்டா என்று துடைத்துப் பார்க்கவேண்டும்.

பூட்டியபின் நடுநிலையில் வைத்துத் தொடங்குக. ஒரு முறைக்கு ஒரு திருகை மட்டும் ஓரிரு படி மாற்றுக. டயர்க் காற்றழுத்தத்தையும், முதல் 60 அடியைக் கடந்த நேரத்தையும் கொப்பியில் எழுதுக. கைத்தொலைபேசியில் புறப்பாட்டைப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பியது தெரியும். பின்சில்லுக்கு மேல் உடல் எழுந்தால் விரிவுத் திருகையும், அமர்ந்தால் அமுக்கத் திருகையும் கவனிக்கவேண்டும்.

இவ்வாறு டிராக் ஓட்டத்துக்கென அமைத்த ஷொக் நம் தோட்டப் பாதைக்கு ஆகாது. குழியும் வளைவும் நிறைந்த வழியில், முன்பகுதி தளர்ந்த கார் திருப்பத்தில் சொற்கேளாது. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் செல்லும் வீதியில் பள்ளிப் பிள்ளைகளும், கொழுந்து பறித்துத் திரும்பும் தாய்மாரும் ஓரத்தில் நடக்கிறார்கள். அது பந்தயப் பாதையன்று. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில், ஒழுங்காக அமைக்கப்பட்ட பந்தயத்திடலிலேயே ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பாய்ந்து, ஒரு குழந்தை உட்பட 7 பேரின் உயிர் பறிபோயிற்று. காவலும் அதிகாரிகளும் உள்ள இடத்திலேயே அப்படியென்றால், காவலற்ற பொது வீதியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

பெற்றோருக்கும் ஒரு சொல். யந்திரத்தில் நாட்டமுள்ள பிள்ளையைக் கடிந்து அடக்குவதில் பயனில்லை. மேலே கண்ட கணக்கை அவனே போட்டுப் பார்க்கட்டும். கையில் கொப்பியும் மனத்தில் நிதானமும் உள்ளவன் நல்ல மெக்கானிக்காக வருவான். அந்தத் தொழில் எந்த ஊரிலும் அவனுக்குச் சோறு போடும். பந்தயம் ஓட விரும்பினால், அனுமதி பெற்ற ஓடுதளத்தில், தலைக்கவசம் அணிந்து ஓடட்டும்.