முகமில்லாத கங்காணி



நம் பாட்டன்மாரை மதுரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூணாறு மலைக்கு ஆள்பிடித்து வந்தவன் கங்காணி. அவன் செய்த அநியாயம் கொஞ்சமல்ல. ஆனாலும் முகம் தெரிந்தவன், சண்டைக்காவது போகலாம். இன்று பெரிய கம்பெனிகள் பலவற்றில் நம் பிள்ளைகளின் மனுவை முதலில் சலித்து ஒதுக்குவது கம்ப்யூட்டர்.

வண்டிப்பெரியாறு பக்கத்து லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். முதல் வகுப்பு. நாற்பது இடத்துக்கு மனுப் போட்டும் பதில் இல்லை. பயோடேட்டாவைப் பார்த்தேன். இரண்டு பத்தி, கட்டம், பூவேலை. கல்யாணப் பத்திரிகை தோற்றது! அந்த எழுத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டச் சொன்னேன். படிப்பு ஓரிடம், மதிப்பெண் வேறிடம், போன் நம்பரைக் காணோம். கம்ப்யூட்டர் படிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். தாளைப் போட்டோ பிடித்து அனுப்பினால் பல சமயம் அதுவும் தெரியாது.

ஆகவே ஒரே பத்தி, சாதாரண எழுத்து போதும். விளம்பரத்தில் ‘டாலி’ கேட்டால், தெரிந்தவர் ‘டாலி’ என்றே எழுதுக. தெரியாததை எழுதாதீர்கள், நேர்முகத்தில் மானம் போகும். இனிஷியல் விஷயம் நமக்கு ஓயாத தலைவலி. ஒரு மனுவில் அப்பா பெயர், இன்னொன்றில் ஊர்ப் பெயர் என்று போடாமல், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ளபடியே எங்கும் எழுதுங்கள்.

குற்றம் முழுவதும் அந்தப் பெண்ணின் தாளில்தான் என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அமேசான் கம்பெனி செய்து பார்த்த சலிப்பு இயந்திரம் பெண்களின் மனுக்களை மட்டம் தட்டியது என்று ராய்ட்டர்ஸ் 2018-ல் எழுதியது. பத்தாண்டுகளாக வந்த பழைய மனுக்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் அது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதைக் கைவிட்டார்கள். நியூயார்க் நகரில் இத்தகைய இயந்திரங்களை ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை செய்யவேண்டும் என்ற சட்டம் 2023 ஜூலை முதல் அமலாகிறது.

நம் ரயில்வேயையே பாருங்கள். 2019-ல் 1,03,769 கடைநிலை வேலைகளுக்கு மனுக் கேட்டார்கள். போட்டோ, கையெழுத்து சரியில்லை என்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தள்ளுபடி. காரணம் தெரிந்ததால் கூச்சல் எழுந்தது. 2021 டிசம்பரில் திருத்த வாய்ப்பும் கிடைத்தது. தனியார் கம்பெனி காரணமே சொல்வதில்லையே, யாரிடம் போய்க் கேட்பது? தள்ளியது இயந்திரமா மனிதனா, என்ன காரணம் என்று எழுத்தில் தரும் சட்டம் வேண்டும். சங்கம் இதைக் கோரிக்கையாக எடுக்கவேண்டும்.

அதுவரை, ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொழிஞ்சாம்பாறைச் சங்க அறைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு, மனுப் போடும் வேலையின் விளம்பரத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.