அனுபவம் எங்களுடையது, நாற்காலி யாருடையது?

தண்டையார்பேட்டையில் குடியிலிருந்து மீண்ட ஒருவருக்குப் போதை மீட்பு மையத்தில் என்ன வேலை கிடைக்கும்? வார்டைக் கூட்டலாம். வாந்தியைக் கழுவலாம். முரண்டு பிடிக்கும் நோயாளியின் கையையும் காலையும் பிடித்துக்கொள்ளலாம். இரவுக் காவலுக்கு நிற்கலாம். நோயாளிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தாம்பா இருந்துச்சு, தாண்டி வந்துட்டேன்" என்று பேசுகிற வேலை மட்டும் எளிதில் கிடைக்காது. அதற்குப் பட்டம் வேண்டும்.

மலக்குழிக்கு எங்களை அனுப்பிய அதே மூளைதான் இங்கேயும் வேலையைப் பிரிக்கிறது. அழுக்கு எங்களுக்கு, ஆலோசனை அவர்களுக்கு. இதைத் தகுதி என்கிறார்கள். நாங்கள் சாதி என்கிறோம்.

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவைப்போம். "சேரி என்றாலே குடி" என்பது இந்தச் சமூகத்தின் பொதுப்புத்தி. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-ல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள் என்றது. அது ஏறத்தாழ 16 கோடிப் பேர். இதில் எல்லாச் சாதியும் உண்டு, எல்லாத் தெருவும் உண்டு. அவர்கள் வீட்டுக்குள் குடித்தால் கொண்டாட்டம், நாங்கள் கடை வாசலில் குடித்தால் கலாச்சாரச் சீரழிவு!

விற்பது யார்? 1983-ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2024-25-ல் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு பத்திரமாகப் புத்தகத்தில் இருக்கிறது.

வாங்குவது ஏன்? காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், எண்ணெய்க் கிடங்கு வாசலில் லாரியிலேயே தூங்கி எழுகிறவர், யார்டில் மூட்டை இறக்குகிறவர். உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் என்றுதான் தொடங்குகிறது. நாற்றம் தாங்காமல் குடித்துவிட்டுத்தான் குழிக்குள் இறங்கினோம் என்று துப்புரவுத் தொழிலாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இப்போது அடுத்த தலைமுறை டேபென்டடால் போன்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறது. வேலை உடம்பை உடைக்கிறது, உடைந்த உடம்புக்குச் சந்தை மருந்து விற்கிறது.

அதே எய்ம்ஸ் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒருவகைச் சிகிச்சை பெறுகிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேரை யார் தேடிப் போவது? பட்டம் வாங்கியவர் எங்கள் சந்துக்குள் வருவாரா? வந்தாலும், காலை ஏழு மணிக்கே கை நடுங்கி, கடை திறக்கப் பகல் 12 ஆகும் என்பதால் கள்ளத்தனமாகக் குவார்ட்டர் தேடி அலைபவர் அவரிடம் வாய் திறப்பாரா?

திறப்பார், தன்னைப் போல் அலைந்து மீண்ட ஒருவரிடம். இதற்குத்தான் உலகம் முழுக்க 'பியர் சப்போர்ட்' என்று பெயர். தமிழில் சக ஆதரவாளர் எனலாம். 1935-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் குடிநோயாளிகளான ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1999-ல் ஜார்ஜியா மாநிலம், மனநல சேவையில் இப்படிப்பட்டவர்களின் பணிக்கு அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்தே பணம் கொடுக்கத் தொடங்கியது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அதன்பின் வந்த எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், ஊசி வழியாகப் போதை ஏற்றுபவர்களிடம் போய்ப் பேசவும், சுத்தமான ஊசி கொடுக்கவும், சிகிச்சைக்கு அழைத்து வரவும் அதே வாழ்க்கையிலிருந்து வந்தவர்களைத்தான் தேடினார்கள். டாக்டர் நுழைய முடியாத இடத்தில் அவர்கள் நுழைந்தார்கள். கிடைத்தது சம்பளமா? இல்லை, மதிப்பூதியம். பெயரில் மதிப்பு இருக்கிறது, தொகையில் இல்லை. மத்திய அரசின் போதை மீட்பு மையத் திட்டத்திலும் 'பியர் எஜுகேட்டர்' என்ற இடம் உண்டு. ஆக, எங்கள் அனுபவம் பயன்படும் என்பது அரசுக்குத் தெரியும். அதற்கு விலை கொடுக்கத்தான் மனம் இல்லை.

அனுபவம் மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. பயிற்சி இல்லாத அனுபவம் என்ன செய்யும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022 மே மாதம் ராயப்பேட்டையில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சிகிச்சைக்குப் போனவர் அடித்தே கொல்லப்பட்டார். அனுமதி பெறாத பல மையங்களில், நேற்று அடிபட்ட நோயாளிதான் இன்று அடிக்கிற 'வார்டன்'. அடிதான் வைத்தியம் என்று அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். 2017 மனநலச் சட்டம் மது, போதைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்த 28 பேருக்குப் பிறகும் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பதே வெட்கக்கேடு.

ஆகவே நாங்கள் கேட்பது முழுமையான பயிற்சி. அதில் என்ன இருக்க வேண்டும்?

குடியைத் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் உடல் உதறும், இல்லாத உருவம் தெரியும், யாரையும் அடையாளம் தெரியாது. எங்கள் தெருக்களில் இதைப் 'பேய் அடிச்சிடுச்சு' என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் கொண்டுபோகிறார்கள். இது உயிர்போகும் நிலை, உடனே ஸ்டான்லிக்கு ஓட வேண்டும் என்று சக ஆதரவாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டதை வெளியில் சொல்லாத ஒழுக்கம் வேண்டும். ஒரே சந்தில் வாழ்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கடினம். கடன் கொடுக்காமல், கடன் வாங்காமல், 'நான் உன்னைக் காப்பாத்தினேன்' என்று ஆண்டை ஆகாமல் எங்கே நிற்பது என்று தெரிய வேண்டும்.

சட்டமும் தெரிய வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும்போது அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. ஸ்டேஷன் வாசலில் மகனுக்காக நிற்கும் ஒரு தாய்க்கு இதை யார் சொல்வது? சொல்லத் தெரிந்தவர் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும்.

எதிர்ப்புகள் தெரிந்தவைதான். "மறுபடி குடித்துவிட்டால்?" குடிநோய் திரும்பக்கூடிய நோய்தான். சர்க்கரை ஏறிவிட்டது என்று யாராவது டாக்டரை வேலையை விட்டு அனுப்புகிறார்களா? விடுப்பு, சிகிச்சை, பிறகு வேலைக்குத் திரும்பும் உரிமை. எந்த ஊழியருக்கும் உள்ள நியாயம்தான் இவருக்கும்.

"போலீஸ் கேஸ் இருக்கிறதே?" வடசென்னையில் போதைக்குள் விழுந்த இளைஞன் மேல் வழக்கு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பழைய வழக்கை வைத்துக் கதவை மூடினால், மூடப்படுவது யார் முகத்தில் என்று சொல்லவே வேண்டாம்.

"எல்லாக் கடையையும் மூடினால் போதுமே, இதெல்லாம் எதற்கு?" மூடட்டும். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மகளிர் மாநாட்டில் எங்கள் பெண்கள் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் கடை மூடிய மறுநாள் காலையில் நடுங்கும் கைகளைப் பிடிக்க ஆள் வேண்டும். மதுவிலக்கும் மீட்பும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் மக்கள், தினக்கூலிகள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தார்கள். செத்தால் 10 லட்சம். சாகாமல் மீண்டு வந்து பத்துப் பேரை மீட்கிறவருக்கு?

2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தமிழக அரசு தொடங்கியது. வரவேற்கிறோம். கலங்கரை விளக்கம் கடலோரம் இருந்தால்தான் படகுக்கு உதவும். ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு அரசு மீட்பு மையத்திலும் சக ஆதரவாளர் பணியிடம் வேண்டும். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, விடுப்போடு. மதிப்பூதியமும் ஒப்பந்தமும் வேண்டாம். வேலையைத் தனியாருக்குத் தராதே என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தியதை நாங்கள் மறக்கவில்லை.

2. பயிற்சி தமிழில், தண்டையார்பேட்டையிலேயே நடக்க வேண்டும். 1980 முதல் இத்துறையில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை இருப்பது நகரத்தின் மறுகோடியில், அடையாறு இந்திரா நகரில். கற்றவர்கள் வடக்கே வந்து கற்றுக்கொடுக்கட்டும்.

3. பயிற்சிக் காலத்துக்குத் தினக்கூலிக்கு ஈடான உதவித்தொகை வேண்டும். ஒருநாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாத வீட்டுக்காரரை இலவசப் பயிற்சி என்று அழைப்பது ஏமாற்று.

4. படிப்புத் தகுதி என்ற வேலியை அகற்று. எழுதத் தெரியாதவரை வாய்மொழியாகவும் வேலையிலும் சோதி. மேலே படிக்க விரும்புபவர் ஆலோசகர் ஆகும் வழியையும் திற. வாழ்நாள் முழுக்க உதவியாளராகவே வைத்திருப்பதும் தீண்டாமைதான்.

5. சரிபாதி இடம் பெண்களுக்கு. மீன் கூடை சுமந்து, குப்பை அள்ளி, வலிக்குக் குடிக்கும் எங்கள் அம்மாக்களும் அக்காக்களும் ஆண்கள் வார்டில் போய்ச் சேர முடியாது.

குடித்த காலத்தில் எங்களைக் கணக்குப் பார்த்து வருவாயில் சேர்த்தீர்கள். மீண்ட காலத்திலும் கணக்கில் சேருங்கள், சம்பளப் பட்டியலில்.

ஜெய்பீம்!