கிருமிக்குச் சாதி இல்லை, பசிக்கு உண்டு

"குடிச்சான், பீடி இழுத்தான், டிபி வந்துச்சு, செத்தான்." சேரியில் ஒருவர் இருமிச் செத்தால் ஊர் சொல்கிற தீர்ப்பு இது. நம்ம சனங்களே இதைத் திருப்பிச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

பீடியும் சாராயமும் காசநோய்க்கு வழிவிடுகின்றன, மறுக்கவில்லை. சர்க்கரை நோயும் எச்ஐவியும் கல்குவாரித் தூசியும்கூடத்தான். ஆனால் இந்தியாவில் இவற்றையெல்லாம் மிஞ்சி நிற்பது அரைவயிறு. அதைச் சொல்ல மட்டும் ஏன் வாய் வரமாட்டேங்குது?

2019-21இல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 31 பேர் உடம்பில் கிருமி இருக்கிறது. நுரையீரல் நோயாக உறுதியானதோ லட்சத்துக்கு 316 பேருக்குத்தான். காற்றில் வரும் கிருமி அக்ரகாரம், சேரி என்று பார்ப்பதில்லை. ஆனால் ஆறு பேர் முடங்கும் ஒற்றை அறையில் அது சுலபமாகத் தாவுகிறது. சத்தில்லாத உடம்பில் விழித்துக்கொள்கிறது. அந்த அறையையும் அந்தப் பசியையும் நமக்கென்று ஒதுக்கியது யார்?

ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று. நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த வீடுகளைவிட, இந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது!

அரசு என்ன செய்கிறது? மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 2024 நவம்பரில் 1000 ஆக்கியது. அதுவும் நோயாளிக்கு மட்டும். வீட்டாருக்கு உணவுப் பை வேண்டுமென்றால் கொடையாளர் மனசு வைக்கணும். 2025க்குள் ஒழிப்போம் என்றார்கள். அந்த ஆண்டு வந்தது, நோய் ஒழியவில்லை.

நமக்குள்ளும் ஒன்று பேச வேண்டும். நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறோம். டீக்கடையில் தனி டம்ளரை எதிர்த்தவர்கள் நாம்! தட்டிலும் டம்ளரிலும் இந்நோய் ஒட்டாது. வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகும் என்று 1959லேயே சென்னை ஆய்வு காட்டிவிட்டது.

இரண்டு வாரம் இருமினால் மறைக்காமல் சளியைச் சோதியுங்கள். மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். அதோடு நின்றுவிடவும் வேண்டாம். வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் உணவு, காற்று நுழையும் வீடு: இரண்டையும் உரிமையாகக் கேட்போம். இது யாரும் போடும் பிச்சை இல்லை, நமக்கு வரவேண்டிய பாக்கி.