முதியோர் இல்லமும் அதன் உடையவரும்

முதியோரைப் பேணுதல் மக்கள் கடன் என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்கடனை அருகிருந்து ஆற்ற இயலாதார் தொகை பெருகிவருதலே இன்று சிந்திக்கற்பாலது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதினரும் அதற்கு மேற்பட்டோருமாவர். மன்னார்–பூநகரி வீதியிலுள்ள இலுப்பைக்கடவையை எண்ணிப் பாருங்கள். 2008 ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து மீண்ட ஊர் அது. பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் வாழ, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் இத்தகைய ஊர்களில் உள. அவர்க்கு ஓர் இல்லமே புகலிடமாகும் நாளில், தொலைவிலுள்ள பிள்ளை எதைக்கொண்டு அதனை நம்புவது?

நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஐவருக்கு மேற்பட்ட முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு பெறுதல் வேண்டும் என்பது அதன் விதி. ஆயினும், பதிவென்பது கதவைத் திறப்பதற்கு அனுமதியேயன்றி உள்ளே நிகழ்வதற்குச் சான்றன்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 2008 ஆம் ஆண்டு முதல் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குகின்றனர். பரிசோதனையில் அந்தந்த மாநிலத்தில் முன்னிற்கும் நூற்றுக்குப் பத்து இல்லங்கள் ஐந்து நட்சத்திரம் பெறும். பின்னிற்கும் இருபது ஒன்றே பெறும். ஆதலின் ஒரு மாநிலத்து ஐந்து பிறிதொரு மாநிலத்து ஐந்துக்கு ஒப்பாகாது. வகுப்பில் முதல்வன் என்றால் வகுப்பின் தரம் யாது என்று வினவ வேண்டும் என்பதை நம் ஆசிரியர்கள் நன்கறிவர். பணியாளர் தொகையையோ தொடக்கத்தில் இல்லத்தாரே கூறினர். 2016 ஆம் ஆண்டிலிருந்துதான் சம்பளப் பதிவேட்டைக் கேட்கத் தொடங்கினர்.

நட்சத்திரத்தினும் முதன்மையானது உடைமை. அந்நாட்டு இல்லங்களுட் பத்தில் ஏழளவு இலாபநோக்குடையவை. இலாபநோக்கற்ற இல்லங்களில் பணியாளர் மிகுதியும் படுக்கைப்புண் குறைவும் சராசரியாகக் காணப்பட்டன என 2009 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று காட்டிற்று. பிரித்தானியாவிலே சதேர்ன் குரொஸ் என்னும் கம்பனி ஏறத்தாழ 750 இல்லங்களில் 31,000 முதியோரை வைத்திருந்தது. கட்டடங்களை விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்து, வாடகை செலுத்த இயலாது 2011 ஆம் ஆண்டில் வீழ்ந்தது. தலைக்குமேலுள்ள கூரை யாருடையதென்பதை அங்கு வாழ்ந்தோருள் எத்துணைப்பேர் அறிந்திருப்பர்?

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர் பலர் முதியோர் இல்லங்களுக்கு மனமுவந்து பொருளுதவுவோர். அவர்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். நிலமும் கட்டடமும் யாருடையவை? இரவில் எத்தனை பேர் கடமையில் உளர்? இறுதியாகப் பரிசோதித்தவர் யார், அவர் எழுதியது எங்கே? தருமத்துக்கு நடத்தும் இல்லமும் இவ்வினாக்களுக்கு விலக்கன்று. சராசரி எந்த ஓரில்லத்துக்கும் பிணை நில்லாது.

அன்பினால் தொண்டாற்றுவோரை இவ்வாறு வினவுதல் புண்படுத்துமே எனச் சிலர் கூறுவர். எழுதுவினைஞர் இல்லாத சிற்றில்லங்களுக்கு இது சுமையென்பதும் உண்மையே. ஆயினும் வாயிற்பலகையில் தமிழில் எழுதிய ஒரு தாளே போதும். ஆண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பித்தல் அரிதன்று. கோயிற் கணக்கைச் சபையில் வாசிக்குமாறு கேட்கும் நாம், நம்மைப் பெற்றோர் உறங்கும் இல்லத்தின் கணக்கைக் கேட்க நாணுவது எற்றுக்கு?